கோக்குமாக்கு நுரை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. 'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பழக்கம் விடவில்லை, போட்டுவிட்டேன். நீ சுகமாக இருப்பாய், இருக்கவும் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கே உன் அம்மா சுகம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது, அவளும் சேர்ந்து முணுமுணுக்கிறாள். நானும் சுகம் என்று எழுதினால் ஆரம்பத்திலேயே பொய்யாகிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் தாளும் கவருமாக உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்குத் தோன்றும். போன் அடித்தாலே உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், இது என் வாயால் அவள் காதில் விழக்கூடாத விஷயம். இன்று கடைக்கு விடுமுறை, அவள் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாள், அதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது, பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது. சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது, மூன்று பேர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள், நான்காவது ஆள் ஒரே திருகில் நிறுத்திவிட்டார். உன் அம்மா அவரைத் தெய்வம் என்கிறாள், முப்பது வருஷமாக வீட்டில் இருக்கிற என்னை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. கடையில் பெரிய கண்ணாடியின் மூலையில் பாதரசம் உரிந்துவிட்டது, அந்த இடத்தில் உட்காருகிறவர்களுக்கு ஒரு காது தெரியாது, ஒரு காதோடு நீங்கள் அழகாகத்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எதிர்ச் சாரியில் வந்த ஏசி சலூனில் கூட்டம் குறையவில்லை. நம் கடையில் இரண்டாவது நாற்காலியில் நிற்கிறவர், நீ சின்ன வயசிலிருந்து பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், உன்னை விசாரித்தார். அவருக்கும் இன்னும் விஷயம் தெரியாது.

அவர் ஒரு பேர் வைத்தாரே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் நீ அந்த இருபது லிட்டர் கேனை பார்சல் லாரியில் அனுப்பினாய் அல்லவா, மஞ்சளாய்க் கொழகொழவென்று இருந்ததே, அதன் பேரைப் போனில் நீ நாலு தடவை சொன்னாய். கோக்கமிடோபுரொபைல் பீட்டெயின். எனக்கு முதல் இரண்டு எழுத்துக்கு மேல் நாக்கு புரளவில்லை, பெரியப்பா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, 'என்னது, கோக்குமாக்கா? பொண்ணு கோக்குமாக்கு அனுப்பியிருக்காளா?' என்றார். கடையே சிரித்தது, நீயும் அந்தப் பக்கம் சிரித்தாய். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பேர். 'கோக்குமாக்கு தீர்ந்துபோச்சு, கலக்கணும்', 'சாருக்கு ரெண்டு சொட்டு கோக்குமாக்கு போடுங்க' என்று நாங்கள் பேசுவோம். நீ எழுதி அனுப்பியபடியே சாதா ஷாம்பூவில் பத்துக்கு ஒரு பங்கு ஊற்றிக் கலக்கினேன், நுரை பஞ்சு மாதிரி பொங்கியது, கண்ணில் பட்டாலும் எரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் என்ன ஷாம்பூ என்று கேட்டார்கள். எனக்கு வாய் கொள்ளாத பெருமை. என் மகள் படித்த படிப்பு, தேங்காயிலிருந்து எடுத்தது, வேறு ஒன்றும் கிடையாது என்று ஒவ்வொரு தலைக்கும் ஒரு தடவை சொல்லியிருப்பேன். எப்படி இவ்வளவு கிடைத்தது என்று கேட்டதற்கு நீ சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. 'கம்பெனில மிச்சம் இருந்துச்சுப்பா, வீணாத்தான் போகும், நீங்க வச்சுக்கோங்க' என்றாய். மகராசி, நன்றாக இரு என்று அன்றைக்கு வாழ்த்தினேன்.

கைத் தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும். கேன் வந்து நாலு மாதம் கழித்து, விரல் இடுக்கில் முதலில் அரிப்பு, அப்புறம் தோல் சிவந்து நீர் கோத்து உரிந்தது, பிறகு வெடிப்பு. கத்திரி வளையத்துக்குள் விரலை விட்டால் உயிர் போகும். ஷேவ் செய்யும்போது என் விரல் ரத்தம் ஒருத்தர் கன்னத்தில் பட்டு அவர் தன் ரத்தம் என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்துத் தேடினார், அந்தக் கூச்சத்தை எப்படிச் சொல்வது. தலை கழுவுகிற வேலை முழுக்கப் பெரியப்பா தலையில் விழுந்தது, கேனிலிருந்து ஊற்றிக் கலக்குவதை மட்டும் நான் விடவில்லை. அவர் கை மட்டும் வழவழவென்று இருந்தது, அதே கேன், அதே தண்ணீர். இதையெல்லாம் ஒன்று விடாமல் உன்னிடம் சொன்னேன். அப்போதே கேட்டேனே, 'அம்மாடி, இந்த நுரைத் தண்ணியால இருக்குமோ' என்று. நீ ஒரு நிமிஷம் பேசவில்லை, லைன் போய்விட்டது என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். அப்புறம், 'அது தேங்காய்ப்பா, தேங்காய் யாரை என்ன பண்ணும்' என்றாய். உப்புத் தண்ணியாக இருக்கும், வயசு ஆகிறது, கையுறை போட்டுக்கோங்க என்றாய். ஒரு டப்பா நிறைய கையுறையும் மூன்று டியூப் களிம்பும் அனுப்பினாய். உன் அம்மா அந்த டப்பாவை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினாள், பெண் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. வாராவாரம் போன் செய்யும்போது முதல் கேள்வியே 'கை எப்படிப்பா இருக்கு' என்பதுதான். பத்து மாதம் கேட்டிருக்கிறாய்.

தோல் டாக்டரிடம் போனேன் என்று சொன்னேன், முழுசாகச் சொல்லவில்லை. முதல் தடவை போனபோது அந்தம்மா ஒரு தாளைக் கொடுத்து, வேலையில் கை படுகிறது எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். தலைச் சாயம், கையுறை ரப்பர், வாசனைத் தண்ணீர், படிகாரம், கிருமிநாசினி எல்லாம் எழுதினேன், நுரையை மட்டும் எழுதவில்லை. 'ஷாம்பூவுல வேற ஏதாவது கலக்குறீங்களா?' என்று அவர் கேட்கவும் செய்தார். நான் சிரித்துக்கொண்டு, 'அது தேங்காய்தாங்க, என் பொண்ணு அனுப்பினது' என்றேன். அதனால் மற்றதையெல்லாம் சின்னச் சின்னப் பட்டையாக முதுகில் ஒட்டி இரண்டு நாள் குளிக்காமல் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றிலும் சிவக்கவில்லை. அப்போது இந்த முட்டாள் தன் மகளை நம்பாமல் ஒரு வரி எழுதியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். இரண்டாவது தடவை அந்தம்மா விடவில்லை, கடையில் இருக்கிற ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். நாலாம் நாள் முதுகைப் பார்த்துவிட்டு நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார். உன் கேன் இருந்த இடத்தில் மட்டும் தோல் தடித்துக் கொப்பளித்திருந்தது.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்தச் சரக்கு கெட்டது கிடையாதாம், எத்தனையோ ஷாம்பூவிலும் குழந்தைகளுக்கான குளியல் சோப்பிலும் பற்பசையிலும்கூட இருக்கிறதாம், காட்டமான நுரைச் சரக்குகளை இது சாந்தப்படுத்துமாம், கழுவிவிடுகிற பொருளில் அளவோடு இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாதாம். ஆனால் இதைத் தேங்காய் என்று சொல்வது பாதி உண்மைதானாம். தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்ததோடு வேறொரு ரசாயனத்தைச் சேர்த்து வேக வைத்து, அதன் மேல் இன்னொன்றைச் சேர்த்துத்தான் இது வருகிறதாம். சேர்த்த ரசாயனம் முழுசாக மாறாமல் மிச்சம் நின்றுவிட்டால் அந்த மிச்சம்தான் தோலோடு சண்டை போடுமாம். நல்ல கம்பெனி அந்த மிச்சத்தை அளந்து பார்த்துத்தான் வெளியே விடுமாம். ஒரு தடவை உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொண்டால் அப்புறம் ஆயுசுக்கும் மறக்காதாம், எந்தப் பாட்டிலில் துளி இருந்தாலும் கை சொல்லிவிடுமாம். இதை நான் உனக்கே விளக்குகிறேன் பார், நீ எத்தனை நாள் இதையே குடுவையில் வைத்து அளந்திருப்பாய்.

கேனில் ஒட்டியிருந்த சீட்டைக் கொண்டுவாருங்கள், கம்பெனி பேர், தேதி எல்லாம் வேண்டும் என்றார். கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது என்று வெந்நீரில் நனைத்து சீட்டை மெதுவாக உரித்து செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு போனேன். நீ அச்சடித்து ஒட்டியிருந்தாயே, பாதித் தேங்காய் படம் போட்டு 'இயற்கையானது' என்று, அதுதான். அந்தம்மா மேசையில் விரித்தார், ஈரத்தில் மேல் தாள் நழுவியது, கீழே இன்னொரு தாள். உன் கம்பெனி ஆய்வுக்கூடத்துத் தாள், தேதி, எண், அதன் கீழே நீல மையில் கையால் எழுதிய இரண்டு வரி. அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். 'மிச்சம் அளவுக்கு மேல இருக்கு, நிராகரிக்கணும், யாரும் உபயோகிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. இது யார் கையெழுத்துன்னு தெரியுமா?' என்றார். தெரியாமல் என்ன. ஏழு எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவாயே, அங்கே போய்ப் பழகினது, அதைக் கிண்டல் செய்து நான் ஒரு கடிதமே எழுதியிருக்கிறேன். தேதியில் இரண்டு ஏழு. கீழே உன் கையெழுத்தின் வால். 'தெரியாதுங்க' என்றேன். அவர் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார், ஈரமாக இருக்கிறது, எழுத்து சரியாக விழாது, காயவைத்துக் கொண்டுவருகிறேன் என்று பிடுங்காத குறையாக வாங்கிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து, சுருளைப் பிரித்து அந்த இரண்டு ஏழையும் இன்னொரு தடவை பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

பெரியவளே, நீ ஏன் அனுப்பினாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எதிர்க் கடை வந்து நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது, அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்திருப்பாய். அளவு கொஞ்சம்தானே கூட, கழுவி விடுகிற பொருள்தானே, கொட்டுவதற்கு இது மேல் என்று நினைத்திருப்பாய். அதை மன்னித்துவிடுவேன், சத்தியமாக மன்னித்துவிடுவேன், பிள்ளைகள் செய்கிற அசட்டுத்தனத்தில் அதுவும் ஒன்று. ஆனால் நான் போனில் கையைச் சொல்லி அழுதபோது உனக்குத் தெரியுமே. 'அப்பா, அந்தக் கேனைத் தொடாதீங்க' என்று நாலு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கையுறை அனுப்பத் தோன்றியிருக்கிறது, களிம்பு அனுப்பத் தோன்றியிருக்கிறது. அதை அனுப்பும்போதே ஏன் அனுப்புகிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. யாரோ ஒரு கடைக்காரன் கலப்படம் செய்து விற்றிருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று ஊரைக் கூட்டியிருப்பேன். உன்னை என்ன செய்வது? கோபம் தணிய என் தலையில் நானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

இது என் கையோடு போகவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹாரனை உனக்குத் தெரியும், அந்த பஸ் டிரைவர், ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும், நாம் வைத்த பேர்தானே. பன்னிரண்டு வருஷமாக சனிக்கிழமை தவறாமல் வருகிறவர். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் கண்ணிமை இரண்டும் வீங்கி வந்து நின்று, 'உங்க கடைல தலை கழுவினதுக்கு அப்புறம்தான் இப்படி ஆகுது, அந்த ஷாம்பூவுல என்னமோ இருக்கு' என்றார். கடையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'தேங்காய்கூட ஆகாத மூஞ்சி ஒரு மூஞ்சியா, வேற எங்கயாவது முட்டிக்கிட்டு வந்து என் பொண்ணு பேரைக் கெடுக்காதீங்க' என்று சத்தம் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் இறங்கிப் போனார், அப்புறம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீடு தேடிப் போனேன். பார்வை மறைத்து நாலு நாள் வண்டி எடுக்க முடியாமல் நின்றிருக்கிறார், குடித்துவிட்டு வரவில்லை என்று டிப்போவில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். நான் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் சத்தமே போடவில்லை. அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு மெதுவாகப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாது. 'நான் சொன்னப்போ சிரிச்சீங்களே' என்றார், அவ்வளவுதான். கிளம்பும்போது வாசல்வரை வந்து, 'உங்க பொண்ணுக்கு இது தெரியுமா?' என்று கேட்டார். தெரியாது, பாவம், அவளுக்கு எப்படித் தெரியும் என்றேன். ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் உனக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரும் என்னை நம்பினார்கள்.

இப்போது கேனைக் கட்டிப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டேன். பெரியப்பா காரணம் கேட்டார், காலாவதி ஆகிவிட்டது என்றேன், சேர்த்துக்கொள், இது மூன்றாவது. மருந்துக் கடையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலின் முதுகையும் படிக்கிறேன், கடைக்காரர் 'பரீட்சைக்குப் படிக்கிறீங்களா' என்கிறார். இது இல்லாத பற்பசை ஒன்று அகப்பட்டது, அதற்கு மாறினபின் உதட்டு வெடிப்பு ஆறிவிட்டது, அது வேறு ஏதோ என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கை ஆற இன்னும் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள், ஆறினாலும் தலை கழுவுகிற வேலை இனி எனக்கு இல்லை, முடி மட்டும் வெட்டலாம். என்னைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தத் தாளில் எண் போட்டிருக்கிறது, ஒன்பது கேனில் இது நாலாவது என்று. மீதி எட்டும் கொட்டப்பட்டதா, இல்லை, அதற்கும் யாராவது தேங்காய்ப் படம் ஒட்டினார்களா? நீ ஒருத்தி செய்ததா, அங்கே எல்லாரும் செய்கிற வழக்கமா? எங்கேயாவது ஒரு தாய் அதை ஊற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

டாக்டரம்மா விடுப்பில் போயிருக்கிறார், அடுத்த மாதம் முதல் புதன்கிழமை வருகிறார். அன்றைக்கு அந்தத் தாளைக் கேட்பார், கம்பெனிக்கு எழுதப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கொடுத்தால் உன் வேலை போகலாம், அதற்கு மேலும் ஆகலாம், எனக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். மூன்று நாள் யோசித்தேன். அந்தத் தாளை நிழலில் காயவைத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படம் எடுக்கவில்லை, நகல் எடுக்கவில்லை, உலகத்தில் இது ஒன்றுதான். இதை எடுத்துக்கொண்டு உன் மேலதிகாரியிடம் நீயே போய் நில், என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல், மீதி எட்டுக் கேனைத் தேடச் சொல். கிழித்துக் குப்பையில் போட்டாலும் உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அப்படிப் போட்டால் அந்தப் புதன்கிழமை நான் வெறுங்கையோடு போய், அது என் மகள் எழுத்து என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன். இப்போது உன்னை நான் நம்பவில்லை பெரியவளே. மறுபடி நம்ப வேண்டும் என்று இருக்கிறது, அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் இதை உன்னிடமே கொடுக்கிறேன்.

உன் அம்மாவிடமும் நீயே சொல், சொல்லும்போது அவளைக் கொஞ்சம் பேசவிட்டுக் கேள், நடுவில் போனை வைத்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, எவ்வளவு பெரிய விஷயமானாலும் வெறும் வயிற்றோடு போய் நிற்காதே. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன், நீ நல்லவளாக இருந்து நன்றாக இருக்க வேண்டும். கவரைப் பிரிக்கும்போது ஓரத்தைப் பிடித்து மெதுவாகப் பிரி, அந்தத் தாளின் பின்பக்கம் இன்னும் பசை இருக்கிறது, அவசரப்பட்டால் எழுத்து கிழிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் உன்னைப் பெற்றவன்,
அப்பா